காசியபர் பெற்ற பிள்ளைகள்

அறுபதுகளில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சிராங்கூன் சாலைக் கோயிலில் அர்ச்சனை வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் சம்பந்தியாகப் போகிற இரண்டு பெண்கள். அவர்களுக்கு நடுவே பட்டுச் சேலையும் மல்லிகையுமாக மணப்பெண். அவளுக்குச் சீன முகம்.

"ஐயர் கோத்திரம் கேப்பாரே," என்றார் பெண்ணின் தாய் மெதுவாக. "இவளைப் பச்சைக் குழந்தையா சீனவங்ககிட்டேருந்து வாங்கி வளர்த்தேன். எங்க கோத்திரத்தைச் சொல்லக் கூடாதுன்னு இவ பெரியப்பா சண்டை போடுறாரு."

பெண் காதில் விழாதது போல எங்கோ பார்த்தாள்.

"காசியபர்னு சொல்லுங்க," என்றார் மாப்பிள்ளையின் தாய். "கோத்திரம் தெரியாதவங்க எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க."

"ரிஷி பேரை இவளுக்குச் சொல்லலாமா?"

"தேவர், அசுரர், பாம்பு, பறவை எல்லாம் அவர் பிள்ளைங்கதான். இவ மட்டும் வெளியாளா?"

ஐயர் தட்டை வாங்கி, "யார் பேருக்கு?" என்றார்.

பெண்ணின் தாய் தயங்கினார். மாப்பிள்ளையின் தாய் முந்திக்கொண்டு உரக்கச் சொன்னார்:

"காசியப கோத்திரம். பேரு செல்வி. என் மருமக."

அர்ச்சனை முடியும்வரை பெண்ணின் தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.