மாத்திரைக்குப் போன நன்றி

என் கை எப்போதும் கதகதப்பாகத்தான் இருக்கும். இந்த ஏசி அறையில் உங்கள் காவலர் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறார், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கல்யாணமான புதிதில் என் மனைவி இந்தக் கையைப் பார்த்துத்தான் மயங்கியதாகச் சொல்வாள். இப்போது என்ன சொல்கிறாளோ தெரியாது. நீங்கள் அவளிடம் பேசியிருப்பீர்கள்.

என் அறையைப் பற்றிக் கேட்டீர்கள். அரசு புற்றுநோய் மருத்துவமனையின் தரைத்தளத்தில் கடைசி அறை. முன்பு உடைந்த கட்டில்களைப் போட்டு வைத்திருந்தார்கள். வலி நிவாரணப் பிரிவின் தலைமை டாக்டர், நாங்கள் வலி டாக்டரம்மா என்போம், மேலிடத்தோடு மல்லுக்கட்டி அந்த அறையை வாங்கினார். வெள்ளையடித்து, இரண்டு கட்டில் போட்டு, நடுவில் திரை தொங்கவிட்டு, துணைச் சிகிச்சைக்கு என்று ஒதுக்கி, என்னை அதில் உட்கார வைத்தார்.

மந்திரம் மாயம் எதுவும் அங்கே கிடையாது. அதிசய எண்ணெய் என்று பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களை டாக்டரம்மா வாசலோடு விரட்டியிருக்கிறார். ஆய்வு செய்து பலன் உண்டு என்று தெரிந்தவை மட்டும்தான். வாந்திக்கு மணிக்கட்டில் ஓர் இடத்தை அழுத்துவது, பதற்றத்துக்கு மூச்சுப் பயிற்சி, தூக்கத்துக்குப் பாதம் பிடித்துவிடுவது. எல்லாமே நன்றாக வேலை செய்தன. கீமோ முடிந்து குடல் வெளியே வருவதுபோல ஓங்கரித்தவர்கள் என் அறையில் அரைத் தம்ளர் கஞ்சி குடித்திருக்கிறார்கள்.

முதல் நாளே டாக்டரம்மா சொன்னார், "இதெல்லாம் மருந்தோட சேர்த்துத்தான். மருந்துக்குப் பதிலா இல்ல. புரியுதா?"

"புரியுது டாக்டர்" என்றேன்.

உண்மையிலேயே புரிந்தது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று என் வக்கீல் எங்காவது எழுதிக்கொடுத்தால் அதை அடித்துவிடுங்கள். வேலை தெரியாதவன் என்ற பெயர் எனக்கு வேண்டாம்.

என்னை உறுத்தியது வேறு. ஒரு பஸ் டிரைவர் வருவார், குடலில் புற்று. ஒரு நாள் அவர் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, இடுப்பு ஒடிய, நெடுநேரம் பிடித்துவிட்டேன். முகம் தெளிந்து எழுந்து உட்கார்ந்தவர் மனைவியிடம் சொன்னார், "காலையில போட்ட மாத்திரை இப்பத்தான் வேலை செய்யுது போல." அந்த அம்மாவும் ஆமாம் என்று தலையாட்டினார். நான் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடப் பிடிக்கவில்லை. அவர் மட்டுமா? எல்லாரும் அப்படித்தான். வியர்வை என்னுடையது, நன்றி மாத்திரைக்கு.

அந்தச் சமயத்தில்தான் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு குழு வரப்போகிறது என்றார்கள். அவர்களுக்குத் திருப்தி என்றால் எல்லா அரசு மருத்துவமனைகளிலும் இப்படி ஓர் அறை வரும், பயிற்சி கொடுக்க என்னை அனுப்புவார்கள். பதவிக்கு ஆசைப்பட்டேன் என்று நினைக்காதீர்கள். மாத்திரை பங்குக்கு வர முடியாத ஒரே ஒரு நோயாளி, அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை. அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

வழியைத் தேடி நான் எங்கும் போகவில்லை. வலிக்கான மார்ஃபின் மாத்திரையை மதியம் கொடுக்கும் நேரத்தில் பாதி நோயாளிகள் என் அறையில்தான் இருப்பார்கள். நர்ஸ் தன் கையால் கொடுத்து, விழுங்கும்வரை பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பது விதி. வார்டில் ஆள் பற்றாது. அதனால் மாத்திரையைச் சின்னக் கிண்ணத்தில் போட்டு, படுக்கை எண் ஒட்டி, நோயாளியோடு அனுப்பிவிடுவார்கள். "நீங்களே குடுத்துடுங்க சார், உங்களுக்குத் தெரியாததா" என்பார் நர்ஸம்மா. எனக்குத் தெரியும்தான்.

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் அந்தப் பெண்மணியை நாங்கள் தையல்காரம்மா என்போம். மார்பில் தொடங்கி முதுகெலும்புக்குப் பரவிவிட்ட புற்று. துணைக்கு ஒரு தங்கை. வந்த அன்றே என் அறைத் திரையைப் பார்த்து, "எவன் தச்சான் இத? அவன் கையில ஊசியக் குடுத்தவன உதைக்கணும்" என்றார். மறுநாள் தங்கையை நூல் கொண்டுவரச் சொல்லி, படுத்தபடியே ஓரத்தை மடித்துத் தைத்துக் கொடுத்தார். என்னைத் தம்பி என்பார். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். பிடித்ததால்தான் அவரைத் தேர்ந்தெடுத்தேன்.

ஒரு நாள் மதியம் அவர் கிண்ணத்தில் இருந்த மார்ஃபினை எடுத்துவிட்டு அதே அளவில் ஒரு சத்து மாத்திரையைப் போட்டேன். பாதம் பிடித்தேன். மூச்சை எண்ணி விடச் சொன்னேன். பிறகு வழக்கம்போல, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று கேட்டேன்.

"எட்டு தம்பி."

நான் அதட்டவில்லை. என் முகம் தொங்கிப்போயிருக்கும். "மூச்ச சரியா விடலக்கா நீங்க. மனசு வேற எங்கயோ இருக்கு" என்றேன். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அடுத்த தடவையும் சத்து மாத்திரைதான், ஆறு என்றார், நான் கொஞ்சம் சிரித்தேன். அதற்கப்புறம் மூன்று. வாடிக்கையாளர் வாய் திறப்பதற்குள் முகத்தைப் பார்த்தே ரவிக்கை பிடிக்கவில்லை என்று கண்டுபிடிக்கிற ஆள் அவர். கற்றுக்கொள்ள அதிக நேரம் ஆகவில்லை.

மூன்று என்று நான் சொல்லச் சொல்ல, டாக்டரம்மா சந்தோஷப்பட்டு, காலை மாத்திரையையும் இரவு மாத்திரையையும் படிப்படியாகக் குறைத்தார். அந்த உத்தரவு அவருடையது. நான் அவரிடம் பொய் சொல்லவில்லை, நோயாளி சொன்ன எண்ணைத்தான் சொன்னேன். பழகிய மருந்து மதியம் அடியோடு நின்று, மற்ற வேளையும் குறைந்தால் உடம்பு சும்மா இருக்காது. வியர்த்துக் கொட்டும், வயிறு போகும், உடம்பு உதறும். அதெல்லாம் வந்தது. "கெட்டதெல்லாம் வெளிய போகுதுக்கா, நல்லதுதான்" என்றேன். அவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தலையாட்டினார்.

தங்கைதான் ஒரு நாள் என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள். "சார், அக்கா ராத்திரியெல்லாம் துண்டக் கடிச்சுக்கிட்டுக் கெடக்கா. கேட்டா வலியே இல்லங்கிறா. வலி இல்லாதவ எதுக்கு சார் கடிக்கணும்?"

"நீங்க பயந்தா அவங்களும் பயப்படுவாங்கம்மா. கூட இருக்கிறவங்கதான் வலியப் பெருசாக்குறது. இனிமே வலியப் பத்தி அவங்ககிட்டக் கேக்காதீங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சரி சார் என்றாள். நல்ல பெண். அப்புறம் கேட்கவே இல்லை.

குழு வந்தது. டாக்டரம்மா பெருமையோடு பக்கத்தில் நின்றார். நான் தையல்காரம்மாவின் பாதத்தைக் கையில் வைத்திருந்தேன். எண் கேட்டார்கள், மூணு என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். குழுத் தலைவர் குனிந்து, "எதுலம்மா உங்களுக்கு இவ்வளவு குறைஞ்சுது?" என்று கேட்டார்.

"தம்பி கைதாங்க" என்றார்.

என் கண் நிறைந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், என் வாழ்நாளில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அனுபவித்ததில்லை. ஆனால் அவர் பேசிய நேரம் முழுக்க அந்தக் குதிகால் என் உள்ளங்கையில் துடித்துக்கொண்டிருந்தது. விரல்கள் உள்ளே மடங்கி இறுகிப்போயிருந்தன. கை வைத்தால் போதும், எண் எனக்குத் தெரிந்துவிடும். அது பத்து. யார் கண்ணிலும் படாமல் பாதத்தின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினேன்.

எல்லாரும் போன பிறகு அவர் மெதுவாகக் கேட்டார், "நல்லா சொன்னேனா தம்பி?"

"ரொம்ப நல்லா சொன்னீங்கக்கா."

"அப்ப ஒண்ணே ஒண்ணு குடு. நெசமான மாத்திரை. உன் பேரு கெடாது, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவருக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. எனக்காகப் பொறுத்திருக்கிறார். அன்றைய மாத்திரை என் சட்டைப் பையில்தான் இருந்தது. நான் கொடுக்கவில்லை. ஏன் என்று நீங்கள் மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். அதைப் போட்டு அவருக்கு நிம்மதி வந்துவிட்டால், சற்று முன் அவர் சொன்ன வார்த்தை என்ன ஆவது? "இவ்வளவு தூரம் வந்துட்டு விடலாமாக்கா" என்று பாதத்தைத் தட்டிக்கொடுத்தேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, நான் சொல்லிக்கொடுத்தபடியே மூச்சை எண்ணி விட ஆரம்பித்தார். அன்றுதான் பிசகில்லாமல் செய்தார்.

அந்த வாரமே போய்விட்டார். நோயில்தான் போனார், பிரேதப் பரிசோதனையும் அதைத்தான் சொல்கிறது. நான் கொல்லவில்லை. மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு, வலியில் துடிக்கத் துடிக்கச் சாகவிட்டேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அக்கா ராத்திரியில் கடித்த துண்டைத் தங்கை கொண்டுபோய் டாக்டரம்மா மேஜையில் விரித்துப் போட்டாளாம். கந்தல் கந்தலாக இருந்ததாம். டாக்டரம்மா நேராக என் அறைக்கு வந்து, எடுத்த மாத்திரைகளை நான் போட்டு வைத்திருந்த இழுப்பறையைத் திறந்தார். தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இழுப்பறையில் இருந்தவை எல்லாம் தையல்காரம்மாவுடையவை அல்ல. பஸ் டிரைவருடையவை இருக்கும். இன்னும் பலருடையவை இருக்கும். ஓர் ஆளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று டாக்டரம்மாவே அடிக்கடி சொல்வார்.

கணக்குப்படி சில மாத்திரைகள் குறைவதாகச் சொல்கிறீர்கள். சத்தியமாக விற்கவில்லை. குழு வந்துபோன மறுநாள் எனக்குக் கடைவாய்ப் பல்லில் குடைச்சல் எடுத்தது. அவற்றில் ஒன்றைப் போட்டுக்கொண்டேன், விடவில்லை என்று இன்னொன்று. அதற்கப்புறம் குழந்தைபோலத் தூங்கினேன்.

மூச்சுப் பயிற்சி செய்து பார்த்தீர்களா என்று கேட்கிறீர்கள். இல்லை. எனக்கு நிஜமாகவே வலித்தது.