ஆன்சன் பேருந்தை நிறுத்திய இடம்

தலைமை ஏற்று இந்த அவைக்குத் தண்மை சேர்க்கும் அம்மையார் கௌசல்யா அவர்களே! கலங்கி வந்தவரின் கைபற்றித் துணிவு தரும் மருத்துவர் ஜிஜி அவர்களே! பாறசாலையிலிருந்தும் போனக்காட்டு மலையிலிருந்தும் பஸ் மாறி வந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளையின் வயிறு வாடினால் தம் வயிறும் வாடும் தாய்மார்களே! வாசலுக்கு அருகிலேயே இடம்பிடித்து அமர்ந்திருக்கும் தோழர்களே! சிரிக்கிறீர்கள். கழிவறை எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் அமர்ந்தீர்கள், எனக்குத் தெரியும். அனைவருக்கும் என் வணக்கம்.

நான் தாணுலிங்கம். களியக்காவிளை பஸ்ஸின் ஓட்டுநர். ஸ்டியரிங் பிடித்த கையில் மைக்கைத் தந்திருக்கிறீர்கள். குடல் அழற்சி நோய் என்றால் என்ன என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அந்த நோயோடு ஒரு மனிதன் எப்படி வாழ்கிறான் என்பதை, என் நடத்துநர் ஆன்சனின் சம்மதத்தோடு நான் சொல்கிறேன்.

ஆன்சனின் குரல் திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் நிலையத்தில் கிளம்பினால் நெய்யாற்றின்கரை வரை கேட்கும். அந்தக் குரல் மெல்ல மெல்ல மெலிந்தது. ஆள் இளைத்தான். வழியில் வயிறு கலக்கிவிடுமோ என்று பயந்து காலை உணவை விட்டான், சாயாவை விட்டான். மலத்தில் இரத்தம் கண்டான். மூலம் என்று எண்ணிக் களிம்பு வாங்கினான். யாரிடமும் சொல்லவில்லை.

யாரிடம் சொல்வான்? காய்ச்சல் என்றால் கஞ்சி கொண்டு வருவோம். நெஞ்சுவலி என்றால் நெஞ்சு பதறி ஓடி வருவோம். மலத்தில் இரத்தம் என்றால்? மூக்கைச் சுளிப்போம், முகத்தைத் திருப்புவோம்!

அவன் மனைவி ஷீனா முகத்தைத் திருப்பவில்லை. பெல்ட்டில் அவன் ஆணியால் புதுத் துளை போட்டிருந்ததைப் பார்த்தாள். அன்றே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்த்து, சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்து, அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்றார் நம் மருத்துவர். உடலைக் காக்க வேண்டிய படை, வழி தவறித் தன் குடலையே தாக்குகிறது. இது ஒட்டுநோய் அல்ல, யார் செய்த பாவமும் அல்ல. வேரோடு பிடுங்க முடியாது, ஆனால் அடக்கி வைக்கலாம். குணமாகிவிட்டதாகத் தோன்றினாலும் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்.

குணம் தெரிந்தது. குரல் திரும்பியது. ஆன்சன் என்ன செய்தான்? ஆமாம், முன்வரிசை அம்மா, நீங்கள் சொல்வது சரிதான். மருந்தை நிறுத்திவிட்டான்!

அடங்கிக் கிடந்த நோய் எழுந்தது. ஒரு காலை, பஸ் நிறைய அலுவலகக் கூட்டம். பாலராமபுரம் தாண்டி, நிறுத்தமே இல்லாத இடத்தில் மணி ஒலித்தது. நான் ஓரம் கட்டுவதற்குள் ஆன்சன் குதித்துப் பெட்ரோல் பங்குக்குள் ஓடினான். பயணிகள் பொருமினார்கள். சாயா குடிக்கப் போயிருப்பான் என்றார் ஒருவர் மலையாளத்தில். இன்னொருவர் புகார் சொல்ல போனை எடுத்தார்.

திரும்பி வந்தான், முகம் வெளுத்து. மணியடித்துவிட்டு அவன் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் படியில் ஏறி, எல்லோர் முகத்தையும் பார்த்து நின்றான்.

"எனக்குப் பெருங்குடல்ல புண்ணு. அவசரம் வந்தா அடக்க ஒக்காது. சாயா குடிக்கப் போவல்ல, கக்கூசுக்குப் போனேன். இனியும் போவேன். இந்த வேலைய விடமாட்டேன்."

அதையே மலையாளத்திலும் சொன்னான். எடுத்த போன் பைக்குள் போனது. பஸ் கிளம்பியதும் பின்னிருக்கையிலிருந்து ஓர் அம்மா, ரத்னாபாய் என்று பெயர், கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்தார்.

"தம்பி, எனக்க மவளுக்கும் இப்படித்தான் ரெத்தம் போவுது. காலேஜுக்கே போவமாட்டேங்கா. இதுக்கு மருந்து உண்டா?"

"உண்டு அக்கா. நான் நிறுத்தினேன், பட்டேன். இன்னைக்கு டூட்டி முடிஞ்சு டாக்டர பாக்கப் போறேன். மவளயும் கூட்டிட்டு வாருங்க."

போனார்கள். மகள் ஜெயஷீலாவுக்கு இருந்தது இதே குடும்பத்தைச் சேர்ந்த குரோன்ஸ் நோய், சிறுகுடலில். மாத்திரை, பிறகு ஊசி. ஓராண்டுப் படிப்பு போனது. மறு ஆண்டு கல்லூரிக்குப் போனாள், பட்டமும் பெற்றாள். இன்றும் அவளுக்குத் துன்பமான வாரங்கள் உண்டு. ஆன்சனுக்கும் உண்டு. அப்போது மணி ஒலிக்கும், நான் நிறுத்துவேன். "போயிட்டு வா சேட்டா, நாங்க இருக்கோம்" என்பார்கள் பயணிகள்!

ஆன்சன் நோயை ஒழித்துவிட்டானா? இல்லை. நோய் அவனை ஒழித்ததா? ஒருக்காலும் இல்லை! தவறாமல் மருந்து உண்கிறான், தன் வயிற்றுக்கு ஒத்ததை உண்கிறான், உரக்கச் சிரிக்கிறான், ஊரைச் சுமந்து ஓடுகிறான்!

வாரக்கணக்கில் வயிறு வலிக்கிறதா? சொல்லுங்கள்! இரத்தம் கண்டீர்களா? சொல்லுங்கள்! காரணமின்றி இளைக்கிறீர்களா? இன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்! கடை வைத்திருப்போரே, வேலை செய்யும் பெண் கழிவறைச் சாவி கேட்டால் காரணம் கேட்காதீர்கள். ஆசிரியர்களே, வகுப்பில் ஒரு கை அவசரமாக உயர்ந்தால், முதலில் கதவைத் திறந்துவிடுங்கள். வெட்கப்பட வேண்டியது நோயுற்றவர் அல்ல. அவரை வாய் திறக்க விடாத நாம்தான்!

பொறுமையாகக் கேட்ட செவிகளுக்கும், இடையில் எழுந்து போய்விட்டுத் தலை நிமிர்ந்து திரும்பி வந்த தோழர்களுக்கும் என் நன்றி. நலமாக வாழ்வோம், நாணமின்றிப் பேசுவோம். வணக்கம்.