அர்த்தம் கேட்டவர்

“எல்லாம் எனக்குப் புரிஞ்சிபோச்சுன்னுதான் மூணு மாசம் உள்ள வெச்சாங்க.”

சித்தூரிலிருந்து நகரி போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இருந்தவர் சொன்னார். அன்று காலைதான் ஜெயிலிலிருந்து வந்திருந்தார். பக்கத்தில், அழைத்துப்போக வந்த மச்சான்.

“நம்ம ஊரு மெட்ராஸ் ராஜ்யத்தோட சேரணும்னு கூட்டத்துல பேசினதுக்குன்னாங்களே?”

“புடிச்சது அதுக்கு. ஏன் புடிச்சோம்னு தெலுங்குல ஒரு காகிதம் குடுத்தாங்க. எனக்குப் பேசத்தான வரும், படிக்க வராதே. ‘இதுக்கு அர்த்தம் இன்னா?’ன்னு பதட்டத்துல தமிழ்லயே கேட்டுட்டேன். தமிழ் தெரியாத ஏட்டு, ‘அர்த்தமைந்தி’ன்னு எழுதிக்கினாரு.”

“புரிஞ்சிடுச்சுன்னா?”

“ஆமா. கீழ என் கையெழுத்து. தெரிஞ்ச பாஷையில காரணம் சொல்லலன்னா அடைச்சதே செல்லாதாம், சட்டம் இருக்குதாம். வக்கீல் கோர்ட்டுல சொன்னாரு. போலீஸ்காரங்க அந்த ஒத்த வரியக் காட்டிட்டாங்க.”

பஸ் புத்தூரைத் தாண்டியது. பிறகு மச்சான் அவர் சட்டைப்பையைத் தொட்டார்.

“இது இன்னா காகிதம்?”

“வுடும்போது குடுத்தாங்க. தெலுங்கு. கையெழுத்து போட்டுட்டு வந்தேன்.”

“இன்னா எழுதியிருக்குதுன்னு கேக்கலயா?”

“கேட்டா எழுதிக்கிறாங்க மச்சான்.”