இஸ்திரி போட்ட பக்கம்

என் பெயரையும் முகவரியையும் காவல் நிலைய அதிகாரி இந்த வாக்குமூலத்துக்கு மேலே தனியாக எழுதிக்கொண்டார். வயது ஐம்பத்திரண்டு. மூன்றாம் வகுப்பு வரை படித்தேன், எழுத்துக் கூட்டி வாசிப்பேன். பேருந்து நிலையத்துக்குப் பின்சந்தில் இஸ்திரிக் கடை வைத்திருக்கிறேன். இதை யாரும் மிரட்டாமல் நானாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது சொன்னால் இன்னும் கேவலம். கலைக்களஞ்சிய அலுவலகத்தில் என் கூடப்பிறந்த அண்ணனின் வாழ்க்கையை எனக்கு வாசித்துக் காட்டியபோது நான் தூங்கிவிட்டேன். குறட்டையும் விட்டதாகச் சொல்கிறார்கள்.

அண்ணன் காட்டுக்குள் இருந்துகொண்டு அரசுப் படையோடு சண்டை போட்ட கெரில்லா. நெட்டை என்றால்தான் ஊருக்குத் தெரியும். எனக்குக் கல்யாணமான மறுவருஷம் அவனை ஆற்றுப் பாலத்துக்கு அடியில் சுட்டுக் கொன்றார்கள். அவன் அங்கே வருவதைப் படைக்காரர்களிடம் சொன்னது என் வீட்டுக்காரர்தான் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அவர் சொல்லவில்லை. அதன்பிறகு அவர் கடையின் முன்பக்கம் நிற்பதில்லை, நின்றால் துணி வராது. பின்னறையில் கரி பற்றவைத்துத் தருவார், துணி மடிப்பார். இன்றைக்கும் அப்படித்தான்.

ஒருவரைப் பற்றி அச்சிடும் முன் அவருடைய உறவினரிடம் வாசித்துக் காட்டி ஒப்புதல் வாங்குவது அந்த அலுவலகத்தின் வழக்கம். அதற்காகப் பதிப்பாசிரியர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். மெய்ப்பு பார்ப்பவர்கள் முறைப்படி அவர் நிறுத்தக்குறிகளையும் சேர்த்தே வாசித்தார். "தந்தை படகோட்டி கமா இரு பிள்ளைகளில் மூத்தவர் முற்றுப்புள்ளி" என்று போய்க்கொண்டிருந்தது. தலைக்கு மேல் மின்விசிறி ஓடியது. அதன்பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. விழித்தபோது அண்ணன் செத்துப்போய், "கல்லறை இல்லை முற்றுப்புள்ளி" வரை வந்திருந்தார்.

"என்னம்மா, சொந்த அண்ணன் கதையில தூங்குறீங்க?" என்று கேட்டார்.

"அவன் உயிரோட இருந்து பேசுனப்பவே தூங்கிடுவேன் சார். அவ்வளவு நீளமாப் பேசுவான்" என்றேன்.

அதன்பிறகு அவர் ஒரு பக்கத்தைக் காட்டினார். அதில், காட்டிக்கொடுத்தவர் தங்கையின் கணவர் என்று அச்சில் ஒரு வரி இருந்தது. அதைப் பேனாவால் அடித்து, ஓரத்தில், இது தவறு, எங்கள் ஆட்களில் பிடிபட்ட ஒருவன்தான் இடத்தைச் சொன்னான், தங்கை வீட்டுக்காரருக்கு இதில் சம்பந்தமில்லை என்று எழுதியிருந்தது. அண்ணனோடு காட்டில் இருந்த இரண்டு பேர் கீழே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அதில் ஒருவர் போன மாதம் இறந்துவிட்டார், மற்றவருக்கு இப்போது யாரையும் அடையாளம் தெரியவில்லை. "இந்தக் கையெழுத்து இருக்குறதாலதான் மேலிடம் மாத்த ஒத்துக்குது" என்றார். வீட்டுக்காரரிடம் ஒரு தடவை காட்டிவிட்டுத் தருகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அடிக்கடி மாற்றி எழுதுகிறவர்கள் என்பதால் அந்த அலுவலகத்தில் அழித்து எழுதும் பேனாதான் பயன்படுத்துகிறார்கள். அந்த மை சூடு பட்டால் மறைந்துவிடும். வாசிப்புக்கு நடுவில் இதை என்னிடம் சொன்னதாகப் பதிப்பாசிரியர் சொல்கிறார். சொல்லவில்லை என்று நான் சொல்லமாட்டேன். நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

வரும் வழியில் மழை பிடித்து, பைக்குள் இருந்த காகிதம் நமுத்துக் கசங்கிவிட்டது. வீட்டுக்காரர் கரி வாங்கப் போயிருந்தார். கசங்கிய எதையும் நான் யார் கையிலும் அப்படியே கொடுத்ததில்லை. மேலே ஒரு வெள்ளைத் துணியை விரித்து, சூட்டைக் குறைத்து, ஓரம் மடங்காமல் இஸ்திரி போட்டேன். துணியை எடுத்தேன். பக்கம் நன்றாக நிமிர்ந்திருந்தது. ஓரத்தில் எழுதியது எதுவும் இல்லை, அடித்த கோடும் இல்லை. அச்சு வரி மட்டும் இருந்தது.

அதன்பிறகு வீட்டுக்காரர் வந்து, "எங்க, காட்டு" என்றார். காட்டினேன். வாசித்தார்.

"இதுதான் எனக்கு முன்னாடியே தெரியுமே" என்று சொல்லிவிட்டு அடுப்பில் கரியை அள்ளிப் போடப் போனார்.

மறுநாள் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஆவணத்தை அழித்துவிட்டதாக அலுவலகத்தில் இருந்து புகார் கொடுத்தார்கள். அதன்பிறகு எங்களை இங்கே அழைத்தார்கள். புருஷனைக் காப்பாற்றும் எழுத்தைப் பெண்டாட்டியே ஏன் அழிக்கவேண்டும், அவர் மேல் கோபமா என்று அதிகாரி கேட்டார். "கோபம்னா அவரையே இஸ்திரி போட்டிருப்பேன் சார், பேப்பரை எதுக்குப் போடப்போறேன்?" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

அப்போது அங்கிருந்த காவலர் ஒருவர், தன் மகளின் வீட்டுப்பாடம் வெயிலில் இப்படித்தான் மறைந்ததென்றும், குளிரில் வைத்தால் எழுத்து திரும்பி வருமென்றும் சொன்னார். அதன்பிறகு பக்கத்தை உறையில் போட்டு, எதிரே உள்ள ஐஸ்கிரீம் கடையின் உறைபெட்டியில் வைத்தோம். பதிப்பாசிரியர் நிலைகொள்ளாமல் மூடியைத் திறந்து திறந்து பார்த்தார்.

"சார், வாங்குறதுன்னா வாங்குங்க. சும்மா தொறந்தா எல்லாம் உருகிடும்" என்றார் கடைக்காரர்.

அதன்பிறகு உறையை வெளியே எடுத்தபோது எழுத்து வந்திருந்தது. மங்கலாக இருந்தாலும் இரண்டு கையெழுத்தும் தெரிந்தன. அதிகாரி படம் எடுத்துக்கொண்டார். பிறகு என் வீட்டுக்காரரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அவர் ஓரத்தில் எழுதியதைத் தொடக்கத்தில் இருந்து கடைசிவரை வாசித்தார்.

"ரொம்ப ஜில்லுன்னு இருக்கு" என்றார். காகிதத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அதிகாரி கேட்கவில்லை. இதைச் சொல்லும் இந்த நேரம் வரைக்கும் அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில், வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.

இதை எனக்கு முழுவதும் வாசித்துக் காட்டினார்கள். இந்தத் தடவை நான் தூங்கவில்லை. நான் சொன்னபடியே எழுதியிருக்கிறது, சொன்னது அத்தனையும் உண்மை.

(கையெழுத்து)

பிற்சேர்க்கை: அதிகாரியின் பேனா பாதியில் தீர்ந்துபோனதால் கடைசிப் பக்கம் பதிப்பாசிரியரின் பேனாவால் எழுதப்பட்டது. அதன் மேல் அதிகாரி சூடான டீ கிளாஸை வைத்ததில் "உண்மை" என்ற சொல்லும் என் கையெழுத்தில் பாதியும் வட்டமாக மறைந்துபோயின. இரண்டும் வேறு பேனாவால் மறுபடி எழுதப்பட்டன.