பதிமூணாவது சுருட்டு

— பன்னெண்டு சுருட்டு வச்ச டப்பாவுல பதிமூணு எப்படி பாய் வரும்?

— பக்கிரிசாமி, கடைய இப்பத்தான் தொறக்கிறேன். மொதல்ல மூச்ச விடுங்க. உள்ளாற அரிசி மூட்டைக்குப் பின்னாடி ஸ்டூல் கெடக்கு, போயி உக்காருங்க.

— உக்கார்ற நெலமையிலயா இருக்கேன்? இந்தாங்க டப்பா. நீங்களே எண்ணுங்க.

— பத்து... பதினொன்னு... யா அல்லா, ஆமா லா. பதிமூணு. ராத்திரியில குட்டி போட்டிருக்கும்.

— வெளையாடாதீங்க. இது வேண்டுதல் சுருட்டு. ஒங்க கடையில வாங்குனதுதான், மறந்துட்டீங்களா? வீட்டுக்காரி வள்ளிய ஆப்பரேஷனுக்கு உள்ள கொண்டு போன அன்னிக்கு.

— மறப்பேனா? மிச்சக் காசக் கூட வாங்காம ஓடுனீங்க.

— ஓடிப் போயி முனீஸ்வரர் காலடியில வச்சேன். ‘அய்யா, வெட்டுன கட்டி வெட்டுனதோட போகட்டும். ஆறு மாசம் கழிச்சு ஸ்கேன் எடுப்பாங்களாம், அதுல ஒன்னுமில்லன்னு வந்த அன்னிக்கு இந்தப் பன்னெண்டும் ஒனக்கு. அது வரைக்கும் நான் ஒரு இழுப்பு இழுக்க மாட்டேன்.’ நாப்பது வருஷம் போர்ட்ல கிரேன் மேல ஒக்காந்து ஊதுன வாயி பாய் இது.

— அந்த வாயி மூடுனதுல எனக்குத்தான் யாவாரம் படுத்துப்போச்சு. சரி, சாமிக்கு வச்சத அங்கயே விட்டுட்டு வர வேண்டியதுதானே?

— பலிச்சாத்தானே பாய் குடுக்கணும்? அதான் மஞ்சத் துணியில சுத்தி வீட்டுக்குக் கொண்டாந்தேன். அன்னிக்குப் புடிச்சுது சனியன்.

— பூசணமா?

— மொதல்ல அது பூசணம்னே தெரியல. மொத மாசம் தொறந்து பாத்தேன், ரெண்டு சுருட்டு மேல வெள்ள வெள்ளையா பொடி. எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துப்போச்சு. அய்யா விபூதி குடுத்துட்டாருன்னு நெனச்சுட்டேன்.

— அலமாக்! நெத்தியில பூசிட்டீங்களா?

— மூணு நாளு.

— மூணு நாளா?

— வள்ளிக்கும் பூசி விட்டேன். நாலாம் நாளு நெத்தி அரிச்சு, கிளினிக்குக்குப் போனா, டாக்டர் பொண்ணு என்ன பூசுனீங்கன்னு கேக்குது. எப்படிச் சொல்ல?

— சிரிக்கல, சிரிக்கல. இருமல். அப்புறம்?

— பேரன் போன்ல தேடிக் குடுத்தான். சுருட்டு காயக்கூடாது, டப்பாவுல ஈரப் பஞ்சு வைக்கணும்னு போட்டிருந்திச்சு. வச்சேன். ஒரே வாரத்துல பச்சப் பசேல்னு முடி மொளச்சுது.

— அது குளிரு நாட்டுக்காரன் எழுதுனது. அவன் ஊரு காத்து காஞ்ச காத்து, தண்ணி காட்டணும். நம்ம ஊரு காத்தப் புழிஞ்சா ஒரு வாளி தேறும். இங்க பஞ்சு வச்சா, மீனக் குளிப்பாட்டுன மாதிரி.

— அத சொல்ல ஆளில்லையே. அப்புறம் அரிசிக்குள்ள பொதச்சேன். மொறுமொறுன்னு வெடிச்சுப் போச்சு. ஐஸ்பெட்டியில வச்சேன். எறாலு அரச்ச பிலாச்சான் வாசம் ஏறிக்கிச்சு. சாமிக்குப் பிலாச்சான் சுருட்டா வைக்க முடியும்?

— ஏன், பினாங்கு சாமிதானே? ஏத்துக்கும். சரி, இந்த டப்பாவத் தெனம் தொறக்கறீங்களா?

— காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ. பூசணம் இருக்கான்னு பாக்க வேணாமா?

— பாக்கறது மட்டுந்தானா?

— மோந்தும் பாப்பேன். பூசணம் வாசத்துலயே தெரியுமில்ல.

— பக்கிரிசாமி.

— என்ன?

— என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.

— ...கொஞ்சம் கூடவே மோந்து பாப்பேன். நெஜமா சொல்றேன், பத்த வைக்கல. மோந்து பாக்கறது இழுக்கறதுல சேராது. பன்னெண்டையும் அய்யாவுக்கு வச்சிட்டு, அன்னிக்குப் பிரசாதமா ஒன்னே ஒன்னு கேட்டு வாங்கிக்கலாம்னு மட்டும் அவர்கிட்ட பேசி வச்சிருக்கேன்.

— பேசி வச்சிருக்கீங்க. சத்தமாவா?

— சாமி அறையில மெதுவாவா பேச முடியும்?

— அதானே. இப்பக் கேளுங்க. நீங்க ஒவ்வொரு தடவ தொறக்கறப்பவும் ஊரு ஈரமெல்லாம் உள்ள போவுது. காத்துப் புகாத டப்பா வேணும். என்கிட்ட சின்னப் பொட்டலம் ஒன்னு இருக்கு. ஈரம் கூடுனா இழுத்துக்கும், கொறஞ்சா விடும். வெள்ளக்காரனுங்க வாங்கிட்டுப் போவானுங்க. அத உள்ள போட்டு மூடிட்டு, ரெண்டு வாரத்துக்கு அந்தப் பக்கமே போவாதீங்க. பூசணம் புடிச்சத உடனே தனியா எடுத்துருங்க, இல்லாட்டி பக்கத்துல இருக்கறதுக்கும் தாவும்.

— அதெல்லாம் சரி பாய். நான் வந்தது அதுக்கில்ல. பூசணம் தானா போவுது.

— தானாவா?

— போன திங்கக்கெழம ஏழாவது சுருட்டுல புடிச்சிருந்திச்சு. என் கண்ணால பாத்தேன். அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல. புதன்கெழம தொறந்தா ஏழாவது பளபளன்னு இருக்கு. ஒவ்வொன்னுலயும் நான் குங்குமப் பொட்டு வச்சிருந்தேன், அதுல பொட்டக் காணோம். இப்பப் பாத்தா எதுலயுமே பொட்டு இல்ல. இன்னிக்குக் காலையில ஒன்னு கூடவே இருக்கு. நெஜமா சொல்றேன், எனக்குத் தல சுத்துது. அய்யா ஏதோ சொல்ல வர்றாரு. நல்லதா கெட்டதான்னுதான் புரியல.

— நல்லதாத்தான் இருக்கும். இதுல என்ன கொழப்பம்?

— பதிமூணு நல்லதா?

— எனக்கென்ன தெரியும், நான் தொப்பி போட்ட ஆளு. ஸ்கேன்தான் எடுத்தாச்சே, ரிசல்ட் என்ன ஆச்சு?

— ரெண்டு வாரத்துல வரும்னாங்க. ஆறு வாரமாச்சு. நான் போன் பண்ணிக் கேக்கவான்னா, வேணாங்கிறா. நான் கூட வரவான்னா, மக ரூபினி காடி ஓட்டிக் கூட்டிட்டுப் போறா, நீங்க வீட்ட பாத்துக்குங்கங்கிறா. வீட்ட என்னத்தப் பாக்க? சுருட்டத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்.

— ஆறு வாரமா...

— இது கெடாம இருக்கற வரைக்கும் அவளுக்கு ஒன்னும் ஆவாதுன்னு ஒரு நெனப்பு. பைத்தியக்காரத்தனம்னு எனக்கே தெரியும். ஆனா வேற எதையும் என் கையால பாத்துக்க முடியலையே பாய். கட்டிய டாக்டர் பாத்துக்கிட்டாரு. மருந்த ரூபினி பாத்துக்கிறா. எனக்கு இந்த டப்பாதான் மிச்சம்.

— சரி சரி. கண்ணத் தொடைங்க. ஆள் வருது.

— பாய் அண்ணே! இன்னிக்கு ஒரு சுருட்டு போதும், இன்னொன்னுலயும் பூசணம். நேத்து வாங்குனத உள்ள வச்சேன், பூசணம் புடிச்சத வெளிய எடுக்கறதுக்குள்ள மனுசன் பாத்ரூம்லேருந்து வந்துட்டாரு. நீங்க எதுக்குக் கண்ணடிக்கிறீங்க? தூசி விழுந்துருச்சா?

— வள்ளியம்மா, அந்த மூட்டைக்குப் பின்னாடி பாருங்க.

— வள்ளி?

— ...நீங்க பசாருக்குப் போறேன்னுதானே சொன்னீங்க?

— நீ கோயிலுக்குப் போறேன்னு சொன்ன. பாய், ஒங்களுக்கு இது தெரியுமா?

— என்னை இழுக்காதீங்க. அவங்க சத்தியம் வாங்கிட்டாங்க. கடைக்காரன் எத்தன பேரு ரகசியத்தத்தான் தாங்குவான்?

— அப்ப முனீஸ்வரர் இல்லையா? பூசணத்த எடுத்தது நீயா?

— பூசணம் புடிச்ச அன்னிக்கெல்லாம் சோத்துல கைய வச்சுக்கிட்டு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தா நான் என்ன செய்ய? கட்டி எனக்கு, எளச்சுப் போறது நீங்க. அதான் ஒவ்வொன்னா மாத்துனேன்.

— எத்தன மாத்துன?

— விடுங்க.

— எத்தன வள்ளி? இதுல நான் காலடியில வச்சது எத்தன இருக்கு?

— ஒன்னும் இல்ல. போன மாசமே எல்லாம் மாறிப்போச்சு. சிலது ரெண்டு தடவ.

— அடிப்பாவி. காலடியில வச்சு எடுத்தத மாத்தவே கூடாது. வேண்டுனது வேற, இருக்கறது வேற. அப்ப நான் இத்தன மாசமா எதக் காவல் காத்தேன்? வேண்டுதல் போச்சே. ரிசல்ட் இன்னும் வரல, அதுக்குள்ள என் பக்கத்துல கெட்டுப்போச்சே...

— இந்தாங்க, கடையில போயி அழுதுக்கிட்டு. எந்திரிங்க.

— என்னால முடியல. நீயே சொல்லு, இனிமே நான் அவர்கிட்ட எந்த மூஞ்சியோட போயி நிப்பேன்?

— வள்ளியம்மா, நான் மூணாம் மனுசன். ஆனா இதுக்கு மேல இவரத் தாங்க வைக்காதீங்க.

— ஆமாண்ணே. தப்புதான். இந்தாங்க, நிமுந்து பாருங்க. வேண்டுதல் கெடல. ரிசல்ட் வந்து ஒரு மாசமாச்சு, ஒன்னுமில்ல, சுத்தமா இருக்குன்னு டாக்டரே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாரு. பயத்துல விட்ட சுருட்ட, சந்தோசத்துல பத்த வச்சிருவீங்களேன்னுதான் சொல்லல.