தம்பி வைத்த திருகு

பழைய கார்களில் கார்புரேட்டரைத் தொடுவதற்கு முன் எஞ்சினை நன்றாகச் சூடேற்ற வேண்டும். பதினைந்து நிமிடமாவது ஓட விட வேண்டும். அவசரக்காரர்கள் குளிர்ந்த எஞ்சினில் திருகைத் திருப்பிவிட்டு, வீட்டுக்குப் போனதும் வண்டி இருமுகிறது என்று திரும்பி வருவார்கள். முப்பத்தொரு வருடத்தில் நான் ஒரு முறைகூட அப்படிச் செய்ததில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. அன்று காலை செய்ததையும் நான் அவசரத்தில் செய்யவில்லை என்று நீங்கள் முதலிலேயே எழுதிக்கொண்டால் நம் இருவருக்கும் வேலை சுலபம்.

அந்தக் கார் ஒரு பல் டாக்டருடையது. அவருடைய அப்பா ஓட்டியது. இருபது வருடம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்து, எலி கூடு கட்டியிருந்தது. நானும் தம்பியும் எஞ்சினை இறக்கி, பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதிதாகப் போட்டு, பதினொரு வாரத்தில் மறுபடி ஏற்றினோம். அதில் இரண்டு கார்புரேட்டர். இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும், இல்லையென்றால் எஞ்சின் நொண்டும். மெல்லிய ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறு முனையைக் கார்புரேட்டரின் வாயருகே பிடிப்போம். 'உஸ்' என்று காற்று போவது கேட்கும். இரண்டிலும் அந்தச் சத்தம் ஒன்றாகும்வரை திருக வேண்டும். இதற்கு இப்போது கருவி வந்துவிட்டது. காது இருக்கும்போது கருவி எதற்கு என்று நான் வாங்கவில்லை.

என் காது மந்தமாகி மூன்று வருடம் ஆகிறது. பேச்சு கேட்கும். வாயைப் பார்த்தால் இன்னும் நன்றாகக் கேட்கும். மெல்லிய சத்தங்கள்தான் போயின. அந்த 'உஸ்' எல்லாவற்றுக்கும் முன்னால் போனது. காது டாக்டர் கொடுத்த சீட்டு என் மனைவிக்கும் தெரியாமல் பீரோவில் இருக்கிறது. பட்டறையில் வழக்கம்போல் குழாயைக் காதில் வைத்துக்கொண்டு, திருகைக் கொஞ்சம் இப்படியும் அப்படியும் திருப்பி, தலையை ஆட்டிவிட்டு எழுந்துவிடுவேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வண்டிகளும் திரும்பி வரவில்லை. அனுபவம் இருந்தால் கையே பார்த்துக்கொள்ளும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஒரு நாள் ஒரு பள்ளிக்கூட டீச்சர் வந்தார். சின்னப் பழைய கார் வைத்திருப்பவர்.

"போன தடவை நீங்க குடுத்தப்ப நடுங்கிட்டே இருந்துச்சு சார். உங்க தம்பி சாயங்காலமே வீட்டுக்கு வந்து அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிட்டாரு. அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்கன்னு வேற சொன்னாரு. நல்ல தம்பி சார் உங்களுக்கு."

ஆமாம் என்றேன்.

அதற்குப் பிறகு சோதித்துப் பார்த்தேன். ஒரு வண்டியில் வேண்டுமென்றே திருகை இரண்டு சுற்று தப்பாக வைத்து, பெயின்ட்டால் எளிதில் கண்ணில் படாத புள்ளி ஒன்று குறித்துவிட்டுப் போனேன். காலையில் புள்ளி இடம் மாறியிருந்தது. ஒன்பது வண்டிகளில் இப்படிச் செய்தேன். ஒன்பதும் மாறின. ஒரு தடவைகூட அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அதே "அண்ணே", அதே சிரிப்பு. வாடிக்கையாளர்கள் முன்னால், "எங்க அண்ணன் காது வச்சா எஞ்சின் தானா அடங்கிடும்" என்று வேறு சொல்வான்.

அண்ணே, உங்களுக்குக் காது செவிடு என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் நான் சத்தம் போட்டிருப்பேன், நாலு நாள் பேசாமல் இருந்திருப்பேன், அதோடு முடிந்திருக்கும். திட்டினால் திருப்பித் திட்டலாம். இதற்குத் திருப்பிச் செய்ய என்ன இருக்கிறது? அவனுக்கு ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவன் நான். நீங்கள் நிதானமாக யோசித்தால் உங்களுக்கும் புரியும்.

அன்று காலை பத்து மணி இருக்கும். பல் டாக்டரின் கார் சூடாகி ஓடிக்கொண்டிருந்தது. நான் குழாயைக் காதில் வைத்தேன், திருகினேன், தலையை ஆட்டினேன்.

"அருமைண்ணே," என்றான் தம்பி. "நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. நான் பானெட்டைத் துடைச்சு வைக்கிறேன். போறப்ப அந்த ஷட்டரை இறக்கிடுங்க. பக்கத்துல இரும்பு அறுக்கிற சத்தம் தாங்கல."

பானெட் துடைக்க அமைதி எதற்கு என்று நான் கேட்கவில்லை.

சைலன்சரில் தடித்த குழாய் ஒன்றை மாட்டி, பின்சுவர் ஓட்டை வழியாகப் புகையை வெளியே விடுவோம். அது கழன்றிருந்தது என்று முன்பு உங்களிடம் சொன்னேன். நீங்களும் கழன்றது என்றே எழுதியிருக்கிறீர்கள். கழற்றினேன் என்று திருத்திக்கொள்ளுங்கள். அவன் முன்பக்கம் பானெட்டுக்குள் குனிந்திருந்தான், பார்க்கவில்லை. புகையை வெளியே தள்ளும் மின்விசிறியின் சுவிட்சையும் அணைத்தேன். பிறகு வெளியே வந்து ஷட்டரை இறக்கிக் கொண்டி போட்டேன்.

டீக்கடைக்குப் போகவில்லை. ஷட்டரில் சாய்ந்து உட்கார்ந்தேன். வெயில் இதமாக இருந்தது. பக்கத்துப் பட்டறைக்காரர் இரும்பு அறுத்துக்கொண்டே கையை ஆட்டினார், நானும் ஆட்டினேன்.

அவன் கூப்பிட்டிருப்பான். அது எனக்குக் கேட்கவில்லை. அந்த விஷயத்தில் நான் பொய் சொல்லவில்லை, டாக்டர் சீட்டு இருக்கிறது. தட்டியது முதுகில் தெரிந்தது. ஏழு தடவை. முதல் மூன்று தோள் உயரத்தில். கடைசி இரண்டும் இடுப்புக்குக் கீழே. எஞ்சினை அணைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அந்தப் புகை முதலில் புத்தியைத்தான் பிடிக்கும்.

அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எழுந்து ஷட்டரை மேலே தள்ளி, புகை போகட்டும் என்று நின்றேன். பிறகு அவனைத் தாண்டிக்கொண்டு எஞ்சினிடம் போனேன். இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மேலே உள்ளங்கையை வைத்தேன். ஒரு நடுக்கம் இல்லை. அப்படி ஒரு ஓட்டத்தை நான் நல்ல காதோடு இருந்த காலத்திலும் வைத்ததில்லை. பெட்ரோல் அளவுத் திருகுகள் இரண்டையும் தப்பான பக்கம் ஒன்றரைச் சுற்று திருப்பினேன். எஞ்சின் கரும்புகை கக்கி நின்றது. பிறகுதான் ஆளைக் கூப்பிட்டேன்.

உங்கள் நிபுணர் அந்தத் திருகுகளைப் பார்த்துத்தான் எழுதினார். டியூனிங் தெரியாமல் கை வைத்ததால் புகை அதிகமாகிவிட்டது, இறந்தவரின் கவனக்குறைவு என்று. நானும் கையெழுத்துப் போட்டேன். ஐந்து மாதம் ஆகிறது. நன்றாகத் தூங்கினேன், நன்றாகச் சாப்பிட்டேன்.

போன வாரம் தம்பி மனைவி அவனுடைய கருவிப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அவருக்கு இந்த வேலை சரியா வராதுன்னு இப்பத்தான் தெரியுது மாமா," என்றாள். "இத்தனை வருஷம் அவர் தப்பையெல்லாம் நீங்கதான் சத்தமில்லாம சரி பண்ணிட்டு இருந்திருக்கீங்க. ஒரு நாள்கூட யார்கிட்டயும் சொன்னதில்ல."

"பரவாயில்லம்மா," என்றேன். வேறென்ன சொல்வது?

அன்றிலிருந்துதான் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. அவள் அப்படி நினைப்பது நியாயமில்லை. அவன் நல்ல வேலைக்காரன். அதற்காகத்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன். அந்தத் திருகுகளைத் தம்பி சரியாகத்தான் வைத்திருந்தான் என்று அவளிடம் சொல்லிவிடுங்கள். அதை மட்டும் சொன்னால் போதும். மீதியைச் சொல்ல வேண்டாம். அவள் மனம் நோகும். நான் அவளைத் தங்கை மாதிரி நினைப்பவன்.