ஊரு பாத்த மூஞ்சி

அதில்ல தம்பி, அருவாள அப்படிப் புடிச்சு வீசுனா மொதல்ல ஒன் மணிக்கட்டுத்தேன் பெசகும். கட்ட வெரல மேல வைக்காத, சுத்தி உள்ள வையி. ஆங், அப்படி. எனக்கு எப்படித் தெரியுமா? எனக்கென்னத்தத் தெரியும், யூனியன்காரன் நான், கையில கொடி புடிச்சவன். எந்தம்பி ஜஸ்டின் சொல்லுவான். அவன் சினிமாவுல வெட்டுறவன். வெட்டுப்படுறவனும் அவந்தேன்.

ஒக்காரேன். நான் எங்கிட்டு ஓடப் போறேன். ரெண்டு கையையும் திராட்சப் பந்தலுக்கு இழுக்குற கம்பிய வச்சு மோட்டாரு காலோட சேத்து முறுக்கிட்டுப் போயிருக்காய்ங்க ஒன் கூட்டாளிக. கம்பி தோலத் தாண்டி உள்ள போயிருச்சு. ஒரு காலு நொண்டி. எந்தக் காலா? இந்தா, இந்தக் காலுதேன், வெரசா இழுத்துட்டு வந்தப்பப் பாக்கலயா. ஒரு செருப்பு ஒங்க ஜீப்புலயே போச்சு. சுத்தி தோட்டம், மோட்டாரு வேற ஓடுது, கத்துனாலும் ஒரு குருவிக்கும் கேக்காது. கோட்டைச்சாமி தோட்டந்தானே இது? சொல்லாட்டிப் போ.

செத்த பொறு, துப்பிக்கிறேன். அந்த மொட்டையன் குத்துன குத்துல பல்லு ஒண்ணு நாக்குக்கடியில கெடக்கு. இந்தா விழுந்திருச்சு பாரு. நெச ரத்தம் உப்புக் கரிக்குது. சினிமா ரத்தம் இனிக்குமாம், ஈ வந்து மொய்க்குமாம், ஜஸ்டின் சொல்லுவான்.

சாப்பிடப் போனவய்ங்க எப்ப வருவாய்ங்க? வரட்டும், மெதுவா வரட்டும். ஒனக்கு என்ன சொல்லிவிட்டாய்ங்க? மரியராஜுன்னு ஒரு கெழட்டு யூனியன்காரன், இன்னைக்குத் தேனி கோர்ட்டுல சாட்சிக் கூண்டு ஏறக் கூடாது, போனு வர்ற வரைக்கும் வச்சிரு, வந்ததும் சோலிய முடிச்சிரு. அம்புட்டுத்தானா? வெட்டப் போறவனுக்கு வெவரமாச்சும் தெரிய வேணாமா.

கம்பத்துலருந்து ஏலக்காய்க் காட்டுக்குப் பொம்பளைகள ஏத்திக்கிட்டு மலை மெட்டு ஏறுற ஜீப்புக தெரியும்ல. கோட்டைச்சாமி கங்காணி வேல பாக்குற ஜீப்புகதேன். ஆட்ட அடைக்கிற மாதிரி அடைப்பாய்ங்க, பின்னால நாலு பேரு கம்பியப் புடிச்சுத் தொங்கிட்டுப் போகணும். போன மழைக்கு ஒண்ணு உருண்டுச்சு. பள்ளத்துல எறங்கி, சேலையையும் சதையையும் பாறையிலருந்து பிரிச்சு எடுத்தோம். மறு வாரம் விடிகாலையில மலையம்மாள்ங்கிற பொம்பள வண்டிக்கு முன்னால வந்து நின்னா. இத்தன பேர ஏத்துனா வண்டி நகராதுன்னா. டிரைவரு பயந்து எறங்கிட்டான். கோட்டைச்சாமி தானே ஏறி ஒக்காந்தான். ஒக்காந்து, அவ மூஞ்சியப் பாத்துக்கிட்டே ஏத்துனான். ஏத்துனதோட விட்டானா. பின்னால எடுத்து, திரும்பவும் ஏத்துனான். நெஞ்சு எலும்பு நொறுங்குன சத்தம் இருக்கே, வண்டி இஞ்சின் சத்தத்துக்கு மேல கேட்டுச்சு தம்பி.

அங்கன நின்ன சனம் பூராம் பாத்தாக. கோர்ட்டுல ஏறுனதும் அம்புட்டுப் பேருக்கும் கண்ணவிஞ்சு போச்சு. டிரைவரு, டீக்கடைக்காரரு, கூட வேல பாத்த ஆளுக, எல்லாரும் நாங்க அங்கன இல்லன்னுட்டாக. மிச்சம் மரியராஜ் ஒருத்தந்தேன். நான் ஒருத்தந்தேன். இன்னைக்கு நான் ஏறலன்னா கேசு முடிஞ்சிரும். கோட்டைச்சாமி நாளைக்கே ஜீப்ப எடுத்துருவான், மாலையப் போட்டுக்கிட்டு.

ஒங்க வீட்டுல யாரும் ஏலக்காய்க் காட்டுக்குப் போறாகளா? ஒங்கம்மா?

சரி. அடிச்சுட்ட. கைய விரிச்சு அடிக்கிற, அதுல சத்தம்தேன் வரும், வலி கம்மி. அம்மாவப் பத்திப் பேசுனது தப்புத்தேன். அப்ப போறாக.

என்ன கேட்ட? ஜஸ்டினா? பாரேன், சினிமான்னதும் அருவாளக் கீழ வச்சுட்ட. இந்தத் தேசத்துல புரட்சி ஏன் வரலங்கிறதுக்கு வேற நோட்டீஸே தேவயில்ல.

அவன நடிக்க வச்சதே நாங்கதேன். யூனியன் தெரு நாடகம், உத்தமபாளையத்துல. கங்காணி வேசம் போட ஒருத்தனும் வரல, எல்லாப் பயலுக்கும் கொடி புடிக்கிற தொழிலாளி வேசந்தேன் வேணும். இவன் பொடிசு, நான் போடுறேண்ணேன்னான். போட்டான். ஒரு பொம்பளயக் கூந்தலப் புடிச்சு இழுக்கணும், அம்புட்டுத்தேன் காட்சி. அவன் இழுத்தப்ப அவன் கண்ணுல ஒரு சிரிப்பு இருந்துச்சு பாரு, முன்னால ஒக்காந்திருந்த பொம்பளைகளுக்கு அது நாடகம்னே மறந்துபோச்சு. ஒருத்தி எந்திரிச்சு வந்து எங்க கொடிக்கம்பத்தையே உருவி அவன் மண்டையில போட்டா. அதுக்கப்பறம் சனம் பூராம் மேல விழுந்து மிதிச்சுச்சு. ஏத்தா இது நம்ம ஆளு, நம்ம ஆளுன்னு நான் மெகாபோன்ல கத்துறேன், யாரு கேக்குறா. மண்டை பொளந்து, சட்டையெல்லாம் ரத்தம். ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போறப்ப என்னயப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே கேக்குறான், அண்ணே, அம்புட்டு நல்லாவா இருந்துச்சுன்னு.

அன்னைக்கே கெட்டுப்போயிட்டான். அடுத்த வருசம் வீரபாண்டித் தடுப்பணையில சூட்டிங்கு. மேல இருந்து விழ ஆளு வேணும்னாக. விழுந்தான். அவுகளோடயே மெட்ராஸு போயிட்டான்.

நாப்பது வருசம் தம்பி. போலீஸ்காரன், கணக்கப்பிள்ள, சாராயக்காரன், சாமியாரு, பாதிரியாரு, ஜட்ஜு, குஷ்டம் புடிச்சவன், கல்யாண வீட்டுல எலயத் தூக்கிக்கிட்டு ஓடுறவன். போடாத வேசமில்ல, சாகாத சாவில்ல. ஒரே படத்துல மொட்டை போட்டு ஒருக்கா, தாடி வச்சு ஒருக்கா, முதுகக் காமிச்சு ஒருக்கா செத்திருக்கான். ஒடம்புல நல்ல எடமே கெடையாது. கண்ணாடியில பாயணும், மெழுகுக் கண்ணாடின்னு சொல்லி நெசக் கண்ணாடிய வச்சுட்டாய்ங்க, தோளுல இன்னும் ஒரு துண்டு உள்ள இருக்கு. பனி நேரத்துல குத்தும். தீ வச்ச கோணியச் சுத்திக்கிட்டு ஓடணும், அணைக்கிறவன் பீடி பத்த வைக்கப் போயிட்டான். முதுகு பூராம் வெந்து, தோலு வாழச் சருகு மாதிரி உரிஞ்சுச்சு. ஒரு கதாநாயகரு காத்துல குத்த வேண்டியதக் கோவத்துல நெசமாவே குத்திப்புட்டாரு, அவரு வீட்டுல என்ன சண்டையோ. விலா எலும்பு ரெண்டா ஒடிஞ்சிருச்சு. ஷாட்டு தத்ரூபமா இருக்குன்னு எல்லாரும் கை தட்டுனாகளாம். இவனும் படுத்துக்கிட்டே தட்டியிருக்கான்.

நீயும் பாத்திருப்ப. கோயில் திருவிழாச் சண்டையில கெணத்துக்குள்ள தலகீழா போவானே ஒருத்தன், ஆங், அவந்தேன். மூஞ்சி ஞாபகம் இருக்கா? இருக்காது. ஒருத்தனுக்கும் இருக்காது. ஊரே பாத்த மூஞ்சி, பேரு எவனுக்கும் தெரியாது. பஸ்ஸுல, டீக்கடையில, எங்கயோ பாத்திருக்கேனே, நீங்க இன்சூரன்ஸ் ஆளான்னு கேப்பாய்ங்களாம். ஆமாம்பானாம்.

எப்படி இத்தன ஆளா மாறுறன்னு ஒரு தடவ கேட்டேன். மூஞ்சியில ஒண்ணுமில்லண்ணே, செருப்புல இருக்குன்னான். ஒருத்தன நடிக்கணும்னா அவன் செருப்பு எங்கன தேஞ்சிருக்குன்னு பாரு. அதப் போட்டுக்கிட்டு நட. காலு சொல்லும், இடுப்பு கேக்கும், கொரலு தானா வரும்னான். எனக்குச் சிரிப்பு. செருப்புக்குள்ள வர்க்கப் போராட்டம் இருக்காடான்னு கேட்டேன். இருக்கு, குதிகாலுலன்னான்.

பெரிய வேசமா? வந்துச்சே. வக்கீல் வேசம். நாலு பக்கம் வசனம், ஒரு ஏழைக்காக வாதாடணும். ஒரே மூச்சுல பேசி முடிச்சானாம், லைட்டு தூக்குற ஆளு வரைக்கும் கண்ணத் தொடச்சாகளாம். ஊருக்குத் தாக்கல் சொல்லி, நாங்க குடும்பத்தோட போயி ஒக்காந்தோம். படத்துல அவன் முதுகு மட்டும் வருது. நீளமா இருக்குன்னு வெட்டிட்டாக. அருவாளு இல்லாம வெட்டுனது அது ஒண்ணுதேன்.

எனக்கு அவன் மேல இரக்கமா? போடா. நாங்க இங்கன போலீஸ் அடியில காலு ஒடிஞ்சு கெடக்குறோம், அவன் அங்கன காக்கிச் சட்டைய மாட்டிக்கிட்டு ஊர்வலத்துல வர்றவன் மண்டையப் பொளக்குறான். தியேட்டர்ல விசிலு. கூலிக்கு அடிக்கிறவன், கூலிக்குச் சாகுறவன், சொந்த வர்க்கத்த வித்தவன்னு நோட்டீஸு அடிச்சேன், தம்பி பேரையே போட்டு. கம்பம் பூராம் ஒட்டுனோம். எங்கம்மா செத்ததுக்கு வந்தான், சர்ச்சுச் செவுத்துல ஒட்டியிருந்துச்சு. கூட்டமே பாத்துக்கிட்டிருக்கு. பக்கத்துல போயி முழுசாப் படிச்சான். படிச்சுட்டு, பிழையில்லாம அடிச்சிருக்காகண்ணேன்னான். அம்புட்டுத்தேன். சவப்பெட்டியத் தூக்க வந்துட்டான்.

அதுக்கப்பறம் ரெண்டு பேரும் பேசிக்கிடல. எம்புட்டு வருசமோ.

போனு மினுங்குது பாரு. எடுக்காத, செத்த பொறு. அடிக்கட்டும், திரும்பக் கூப்புடுவாய்ங்க. ஒரு சின்ன வெவரம் சொல்லிப்புடுறேன், கேட்டுட்டு எடு.

மரியராஜ் கூண்டுல ஏறியாச்சுன்னு சொல்லத்தேன் கூப்புடுறாய்ங்க.

ஆமா. தேனி கோர்ட்டுலதேன். விடியறதுக்கு முன்னாலயே கம்பமெட்டு ஏறிட்டாக. கேரளாவுக்குள்ள சுத்தி, நெடுங்கண்டம், பூப்பாறை போயி, போடி மெட்டு வழியா எறங்கியிருப்பாக. ரோட்டுல காவலுக்கு நின்ன ஒங்க ஆளுக எல்லாம் தேனிப் பஸ்ஸத்தானே பாத்தாய்ங்க. அவுக போனது ஏலக்காய்க் காட்டு ஜீப்புல. மீசய வழிச்சு, சேலயக் கட்டி, காட்டு வேலைக்குப் போற பொம்பளைக மாதிரி மேல ஆம்பளச் சட்டை போட்டு, தலையில துண்டச் சுத்தி, மடியில தூக்குவாளி. பொம்பளைகளுக்கு நடுவுல ஒடுங்கி ஒக்கார வச்சு அனுப்புனேன். வேசம் போட்டு விட்டது நாந்தேன். நாப்பது வருசமா வேசம் போடுறவன்னு என்னயக் கேலி பேசுன மனுசன், பவுடரு பூசுறப்ப வெக்கப்பட்டு நெளியிறாக. ஒரே சிரிப்பு. எல்லாம் மலையம்மாள் கூட வேல பாத்த பொம்பளைக. அன்னைக்குக் கோர்ட்டுல கண்ணு தெரியாமப் போனவுகளும் அதுல உண்டு. ஒங்கம்மா இருந்தாலும் இருப்பாக.

நாந்தேன் ஜஸ்டின்.

அப்படிப் பாக்காத. இந்த நொண்டி, இந்தச் செவப்புத் துண்டு, நோட்டீஸுப் பை, இந்தப் பேச்சு, எல்லாம் எங்கண்ணனோடது. என்னயப் பத்திப் பேசுனது கூட அவுக பேசுனதுதேன். ஒரு வார்த்த மாத்தல. ஒண்ணு மட்டும் தப்புப் பண்ணிட்டேன் தம்பி, மனசு ஆறல. அண்ணனுக்கு எடது காலு. பஸ் ஸ்டாண்டுல சரியாத்தேன் நொண்டுனேன், அண்ணே செருப்பு காலுல இருந்துச்சு. ஒங்க ஜீப்புல அது கழண்டதும், எறங்குறப்ப நொண்டி வலது காலுக்கு மாறிப்போச்சு. மோட்டாரு ரூம்பு வரைக்கும் தப்புக் காலுலயே வந்தேன். டைரக்டரா இருந்தா இன்னொரு டேக்கு கேட்டிருப்பாரு. நீங்க இம்புட்டுப் பேரு இருந்தும் ஒருத்தனும் பாக்கல. கொடிக்கம்பம், துண்டு, நொண்டி, அம்புட்டுத்தேன் ஒங்களுக்கு மரியராஜுன்னா. விடிகாலை இருட்டுல தூரத்துல பாத்த ஆளுகதானே நீங்க.

மெட்ராஸ விட்டு ஊருக்கே திரும்பிட்டேன்ல, நேத்துச் சாயங்காலம் என் வாசல்ல வந்து நின்னாக. எத்தனையோ வருசத்துக்கப்பறம். உள்ள வரல. ஒனக்கு ஒரு வேசம் வச்சிருக்கேன், போடுறியான்னு கேட்டாக. கேட்டுக்கிட்டே செருப்பக் கழட்டி வச்சாக. செத்தாலும் செத்துருவடா, கட்டாயமில்லன்னாக. கொரலு நடுங்குச்சு. எங்கண்ணே கொரலு நடுங்கி நான் பாத்ததில்ல, மெகாபோன்ல கூட. சாகுறதுதானேண்ணே எந்தொழிலுன்னேன்.

கெணத்துல தலகீழா விழுந்தவன் நாந்தேன்யா. இப்பவாச்சும் மூஞ்சியப் பாத்துக்க.

திரும்ப அடிக்குது. எடு, பேசு. என்ன செய்யச் சொல்றாய்ங்களோ அது ஒன் பாடு. வெட்டுறதா இருந்தா கட்ட வெரல உள்ள வச்சுக்க. வெளிய அண்ணே கேட்டாகன்னா, இல்ல வேற யாராச்சும், அங்கன கெடக்குறது யாருன்னு கேட்டா, பேரச் சரியாச் சொல்லு தம்பி. ஜஸ்டின். இன்னொருக்கா சொல்லவா?